பிள்ளையின் மனநலத்துக்கு உதவி தேடும்போது: சென்னைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வடசென்னைப் பள்ளிகளில் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. காசு இல்லாத குடும்பமும் போய்ப் பார்க்கக்கூடிய நல்ல மருத்துவமனைகள் சென்னையில் இருக்கின்றன. ஆனாலும், "பிள்ளை முன்ன மாதிரி இல்லை" என்று அம்மாவுக்குத் தோன்றிய நாளுக்கும், குடும்பம் மருத்துவர் முன்னால் உட்காரும் நாளுக்கும் நடுவில் மாதக்கணக்கு ஓடிவிடுகிறது. சில வீடுகளில் வருஷக்கணக்கு. யாரைப் பார்ப்பது என்று தெரிவதில்லை. தெரிந்தாலும் போக மனசு வருவதில்லை. போனவர்களும் இங்கே அங்கே அலைந்து அலுத்துப்போய்ப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அந்த நடுக்காலத்தைக் குறைப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகக் கண்டது. 40 பேர் படிக்கும் வகுப்பில் கிட்டத்தட்ட மூன்று பேர். உங்கள் பிள்ளையின் வகுப்பிலேயே இன்னும் இரண்டு வீடுகளில் இதே கவலை இருக்கக்கூடும்.

அவசரம் என்றால் முதலில் இதைப் படியுங்கள்

"செத்துடலாம்னு இருக்கு" என்று பிள்ளை சொல்கிறது. கையைக் கீறிக்கொள்கிறது. "நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதிதானே" என்கிறது. ஆசையாக வைத்திருந்த பொருட்களைத் தம்பிக்கும் தோழிக்கும் எடுத்துக் கொடுக்கிறது. யாரோ தன்னிடம் பேசுவது கேட்கிறது என்கிறது. பல இரவுகளாகத் தூக்கமே இல்லை, அல்லது சாப்பாட்டை அடியோடு விட்டுவிட்டது. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மற்ற படிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அன்றைக்கே பிள்ளையைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி பக்கத்திலேயே படுங்கள். தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, பாட்டியின் பிரஷர் மாத்திரை உட்பட வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் பூட்டி வையுங்கள். எலி மருந்தும் பூச்சி மருந்தும் வீட்டைவிட்டே போகட்டும். பிறகு நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா கண்ணு?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வியே பெரிய ஆறுதல்.

14416 என்பது டெலி மானஸ் என்னும் இலவச மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை 24 மணி நேரமும் தமிழில் கிடைக்கும். தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் இது நடக்கிறது. தற்கொலைத் தடுப்புக்காகவே 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பின் எண் 044-24640050. உயிருக்கு ஆபத்து என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள்.

பிள்ளை ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே கைவைத்தியம் பார்க்காதீர்கள். மருத்துவமனையில் பதிவு செய்வார்கள், அது நடைமுறை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கக் கூடாது என்கிறது. என்ன சாப்பிட்டது, எப்போது, எவ்வளவு என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காலி அட்டையோ பாட்டிலோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

முதல் படி: பார்ப்பதை எழுதி வையுங்கள்

பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தூக்கம், சாப்பாடு, பள்ளி, நண்பர்கள், விளையாட்டு, கோபம், அழுகை என்று அன்றன்று கண்டதைத் தேதி போட்டு இரண்டு வரியில் எழுதுங்கள். "எப்பப் பார்த்தாலும் அடம்" என்று எழுதினால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. "திங்கள் காலை யூனிஃபார்ம் போடும்போது வயிற்றுவலி என்று அழுதாள், பதினோரு மணிக்குச் சரியாகிவிட்டது" என்று எழுதினால் அவர் பாதியைப் புரிந்துகொள்வார். சின்னப் பிள்ளைகளுக்கு மனக்கவலை பெரும்பாலும் உடம்பில்தான் தெரியும். வயிற்றுவலி, தலைவலி, விட்டுப்போயிருந்த, படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் மறுபடி தொடங்குவது, எல்லாம் அதன் முகங்கள். பதின்வயதில் சோகம் எரிச்சலாக வெளியே வரும். எதற்கெடுத்தாலும் சீறும் பையனைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்துவிடுகிறோம். அவன் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு வாரம் எழுதினால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும். இது எத்தனை நாளாக இருக்கிறது? எத்தனை இடங்களில் தெரிகிறது? இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, வீடு, பள்ளி, நட்பு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பிள்ளையின் அன்றாடத்தைக் கெடுக்கிறது என்றால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. வகுப்பு ஆசிரியரிடமும் கேளுங்கள். வீட்டில் வாயே திறக்காத பிள்ளை பள்ளியில் கலகலப்பாக இருக்கலாம். வீட்டில் சாதுவாக இருப்பது வகுப்பில் ஒரு நிமிஷம் உட்காராமல் இருக்கலாம்.

மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்குக் கணக்கே வேறு. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, கையை நீட்டி எதையும் காட்டவில்லை, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் "பால் வேணும்" மாதிரி இரண்டு சொற்களைச் சேர்க்கவில்லை, பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுவிட்டது என்றால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்கப்பாவே மூணு வயசுலதான் பேசினான்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது அன்பில்தான். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டுக் காத்திருந்த குழந்தைகள் இழப்பது மூளை வேகமாக வளரும் வயதை. பரிசோதித்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் சந்தோஷமாக வீட்டுக்கு வரலாம்.

இரண்டாம் படி: பிள்ளையிடம் பேசுங்கள்

எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். வண்டியில் போகும்போது, கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது, முகம் பார்க்காமல் பேச முடிகிற நேரத்தில் பிள்ளைகள் அதிகம் சொல்வார்கள். "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்று ஆரம்பித்தால் வாய் மூடிக்கொள்ளும். "கொஞ்ச நாளா நீ தூங்கறதே இல்லை, எனக்குக் கவலையா இருக்கு, என்னன்னு சொல்றியா?" என்று கண்டதைச் சொல்லிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

யாரோ தொட்டார்கள், தப்பாக நடந்துகொண்டார்கள் என்று பிள்ளை சொன்னால், முதல் வார்த்தை "நான் உன்னை நம்பறேன்" என்பதாக இருக்கட்டும். திரும்பத் திரும்பத் துருவிக் கேட்க வேண்டாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி இது கட்டாயம் புகாராக வேண்டிய விஷயம், சொந்தக்காரராக இருந்தாலும். குடும்ப மானம் என்று மூடி வைத்தால் அந்த ஆள் மறுபடி வீட்டுக்கு வருவார்.

மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது பொய் சொல்லாதீர்கள். மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று கூட்டி வந்த பிள்ளை மருத்துவரிடம் வாய் திறக்காது, அடுத்த தடவை ஆட்டோவிலேயே ஏறாது. "மனசு கஷ்டமா இருக்கும்போது பேசறதுக்குன்னே டாக்டர் இருக்காங்க, உன்னோடதான் இருப்பேன்" என்பது போதும்.

மூன்றாம் படி: குழந்தை மருத்துவரிடம் உடம்பைப் பார்த்துவிடுங்கள்

வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரே நல்ல தொடக்கம். பேசாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வகுப்பில் கவனமில்லாத பிள்ளைக்குக் கண் பார்வை மங்கலாக இருக்கலாம். தைராய்டு, ரத்தசோகை, தூக்கக் குறைவு எல்லாம் சோர்வாகவும் எரிச்சலாகவும் தெரியும். வலிப்பில் ஒரு வகை உண்டு. கை கால் எதுவும் உதறாது. சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டுப் பிள்ளை மறுபடி எழுதத் தொடங்கும். அதைக் கனவு காண்கிறான் என்று திட்டிக்கொண்டிருக்கும் வகுப்பறைகள் உண்டு. எல்லாம் பார்த்த பிறகு, மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: யார் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் அவர் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். அறிவுத்திறன் சோதனை, கற்றல் குறைபாட்டுச் சோதனை, பேச்சுவழி சிகிச்சை எல்லாம் அவரிடம். இவர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபாருங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் பிள்ளையை விட வேண்டாம். கவுன்சிலர் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் போட்டுக்கொள்ள முடிகிறது. நல்ல கவுன்சிலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பரீட்சைப் பயம், நட்புச் சண்டை, வீட்டில் ஒரு இழப்பு போன்றவற்றில் அவர்கள் உதவி பெரிது. ஆனால் தற்கொலை எண்ணம், காதில் குரல் கேட்பது, சாப்பாட்டை மறுப்பது என்று வந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆட்டிசம், பேச்சுத் தாமதம், கற்றல் குறைபாடு போன்றவற்றுக்குப் பேச்சுப் பயிற்சியாளர், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சிறப்புக் கல்வி ஆசிரியர் என்று தனித்தனி ஆட்கள். சென்னையில் தெருவுக்கொரு தெரபி சென்டர் முளைத்திருக்கிறது. "மூணு மாசத்துல நார்மல் ஆக்கிடறோம்" என்று உறுதி கொடுக்கும் இடத்துக்கும், முழுப் பணத்தையும் முன்பே கேட்கும் இடத்துக்கும், அம்மாவை உள்ளே உட்கார விடாத இடத்துக்கும் போகாதீர்கள். நல்ல தெரபிஸ்ட் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். வாரத்தில் அவரோடு சில மணி நேரம், உங்களோடு மீதி எல்லா நேரமும் என்பது அவருக்குத் தெரியும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையே இல்லை. நகையை அடகு வைத்து அதற்குப் போகிற குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஐந்தாம் படி: சென்னையில் எங்கே போவது

கீழ்ப்பாக்கத்தில், மேடவாக்கம் குளச் சாலையில் இருக்கும் அரசு மனநலக் காப்பகத்தைப் பற்றித் தயங்காமல் சொல்கிறேன். 1794-இல் தொடங்கிய நிறுவனம். நாட்டின் பழைய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. இப்போது மனநல மருத்துவர்களுக்குப் பயிற்சி தரும் இடமும் அதுதான். அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருப்பதால் குடும்பங்கள் வாசலைத் தாண்டப் பயப்படுகின்றன. பிள்ளைகளுக்கான வழிகாட்டிப் பிரிவு அங்கே இருக்கிறது. வெளிநோயாளிகளாக வந்து பார்த்துவிட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களே அதிகம். காசு கிடையாது. யார் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

சின்னக் குழந்தைகள் என்றால் எழும்பூர் ஹால்ஸ் சாலையில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் தொடங்குவது எளிது. காது, கண், நரம்பு, வளர்ச்சி எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் பார்க்கலாம். பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கான ஆரம்ப இடையீட்டு மையங்கள் 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்னும் தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் கீழ் நடக்கின்றன. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினால் அவர்களே அங்கே அனுப்பி வைப்பார்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றிலும் மனநலப் பிரிவு உண்டு. ராயபுரம், தண்டையார்பேட்டைக் குடும்பங்களுக்கு ஸ்டான்லி பக்கம். பிள்ளையின் சிகிச்சையில் தொடர்ந்து போவதுதான் முக்கியம், ஆகவே ஒரு பஸ்ஸில் போய்வர முடிகிற இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் தப்பே இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மதிப்பீடு, தெரபி, சிறப்புக் கல்வி, பெற்றோர் பயிற்சி எல்லாம் அங்கே ஒரே கூரைக்குக் கீழ். தூரம் என்று தயங்காமல் ஒரு முறை போய் முழு மதிப்பீடு செய்துகொள்வது நல்லது, அன்றாடப் பயிற்சியை வீட்டுக்குப் பக்கத்தில் தொடரலாம். எழுத்தும் வாசிப்பும் தடுமாறும் பிள்ளைகளுக்கு மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன். பெருமூளை வாதம் போன்றவற்றுக்குக் கோட்டூர்புரத்தில் வித்யாசாகர். பெரிய பிள்ளைகளுக்கு மனச்சிதைவின் அறிகுறி தெரிந்தால், டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, அண்ணா நகரில்.

அரசு மருத்துவமனைக்குப் போவதென்றால் காலையிலேயே போங்கள், ஓ.பி. சீட்டு போடும் வரிசை நீளம். ஆதார், பழைய ரிப்போர்ட், பள்ளி மதிப்பெண் அட்டை, உங்கள் நோட்டு, தண்ணீர், பிள்ளைக்குப் பிடித்த பண்டம், படம் வரையப் பேப்பர் எல்லாம் பையில் இருக்கட்டும். சத்தம் தாங்காத குழந்தை என்றால் ஒருவர் வரிசையில் நிற்க, இன்னொருவர் மரத்தடியில் குழந்தையோடு இருக்கலாம். குழந்தைகளுக்கான பிரிவு எந்தக் கிழமை என்று முன்பே விசாரித்துக்கொண்டு போனால் அரை நாள் கூலி மிச்சம். தனியார் மருத்துவரிடம் போனால், ஆலோசனைக்கு எவ்வளவு, சோதனைக்குத் தனியாக எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள். அறிவுத்திறன் சோதனைக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம்.

ஆறாம் படி: முதல் சந்திப்பு

கர்ப்பகாலம், பிரசவம், முதல் நடை, முதல் பேச்சு, காய்ச்சல், வலிப்பு, குடும்பத்தில் யாருக்காவது மனநோய், எல்லாம் கேட்பார்கள். அப்பாவின் குடி, வீட்டில் அடிதடி, கடன், பிரிவு ஆகியவற்றை மறைத்தால் மருத்துவர் இருட்டில் தடவ வேண்டியதுதான். பிள்ளை முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், "தனியா ரெண்டு நிமிஷம் பேசணும் டாக்டர்" என்று கேளுங்கள். அதேபோல மருத்துவரும் பிள்ளையோடு தனியாகப் பேசுவார். வெளியே வந்ததும் "என்ன சொன்னே?" என்று கேட்காதீர்கள். அடுத்த முறை பிள்ளை மனம் திறப்பது அந்த ஒரு நிமிஷ அமைதியைப் பொறுத்தது.

முதல் நாளே நோயின் பெயர் கிடைக்காமல் போகலாம். ஆசிரியர் நிரப்ப வேண்டிய தாள், சோதனை, இரண்டாவது சந்திப்பு என்று நீளும். எழுந்து வருவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன, நிறுத்த வேண்டியது என்ன? எது நடந்தால் உடனே ஓடி வர வேண்டும்? மறுபடி எப்போது? பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வந்தால் பாதி மறந்துவிடும்.

ஏழாம் படி: மருந்து

"மாத்திரை போட்டா பழகிடும், காலம் பூரா போடணும், மந்தமாயிடுவான்." ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிற பயம் இது. எல்லாப் பிள்ளைக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. லேசான பதற்றத்துக்கும் சோகத்துக்கும் பேச்சுவழி சிகிச்சையே முதலில். ஆறு வயதுக்குட்பட்ட துறுதுறு குழந்தைகளுக்குப் பெற்றோர் பயிற்சிதான் முதல் வழி. ஆட்டிசத்தைப் போக்கும் மாத்திரை கிடையாது. தூக்கமின்மை, கடும் எரிச்சல் போன்றவை கூடவே இருந்தால் அவற்றுக்கு மட்டும் மருந்து.

ஆனால் தேவைப்படும்போது தள்ளிப்போடுவதும் பிள்ளைக்குச் செய்யும் கெடுதல்தான். மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும். நாலு நாள் போட்டுப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தாதீர்கள். தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் பிள்ளையைக் கூர்ந்து கவனியுங்கள். படபடப்பு கூடினாலோ சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். கவனக்குறைவுக்கும் துறுதுறுப்புக்கும் தரும் மருந்தில் பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், அதற்கேற்பச் சாப்பாட்டு நேரத்தை மாற்றச் சொல்வார்கள். எந்த மருந்தையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்ட மாத்திரையை உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கவும் வேண்டாம். மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும், எண்ணிக் கொடுங்கள்.

மருத்துவக் காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

எட்டாம் படி: பள்ளி

பள்ளியிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. நோயின் பெயரைச் சொல்லாமலேயே, "முதல் பெஞ்சில் உட்கார வையுங்கள், சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லாதீர்கள், பதற்றம் வந்தால் பத்து நிமிஷம் வெளியே போய்வர விடுங்கள்" என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுக்கலாம். வகுப்பு ஆசிரியர் ஒருவர் பிள்ளையின் பக்கம் இருந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

சில பள்ளிகளில் "டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க" என்பார்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது. அடிப்பதும் மனம் நோக நடத்துவதும் அதே சட்டத்தில் தடை. பேச்சில் விடாமல் எழுதிக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவையும் அடக்கம். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்கலாம். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் எட்டு வயதுக்கு மேல்தான் தருவார்கள், 14 வயதிலும் 18 வயதிலும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடிவந்து சான்றிதழ் கேட்கும் பெற்றோர்தான் அதிகம். ஒன்பதாம் வகுப்பிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள். சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று தயங்குகிறவர்களிடம் நான் சொல்வது: அந்தக் காகிதம் உங்கள் பீரோவில் இருக்கும், தேவைப்படும் இடத்தில் மட்டும் காட்டலாம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகை பற்றியும் விசாரியுங்கள்.

மே, ஜூன் மாதங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிளஸ் டூ, நீட் முடிவு வரும் வாரங்களில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், முடிவை ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். துணைத்தேர்வு இருக்கிறது, வேறு படிப்புகள் இருக்கின்றன என்பதை முடிவு வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். சொந்தக்காரர்களின் "மார்க் எவ்வளவு?" போன்களை அன்றைக்கு நீங்கள் எடுங்கள்.

கோயில், தர்கா, சொந்தக்காரர்கள்

வேண்டுதலும் மந்திரிப்பும் பல குடும்பங்களுக்கு மனத்தெம்பு. போய்விட்டு வாருங்கள், மாத்திரையையும் விடாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. ஆனால் பிள்ளையைக் கட்டி வைப்பது, பட்டினி போடுவது, வேப்பிலையால் அடிப்பது என்று எந்த இடத்தில் சொன்னாலும் அங்கிருந்து கிளம்புங்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு இல்லத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்பி ஓட முடியாமல் இறந்தார்கள். மனநோயுள்ள யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்பது இப்போது சட்டம்.

பெண் பிள்ளை என்றால் "வெளிய தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம் ஆகாது" என்று அத்தையோ பெரியம்மாவோ சொல்வார்கள். பிள்ளையின் சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று மருத்துவர்களைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வீட்டிலும் அதே கட்டுப்பாடு இருக்கட்டும். யாருக்குச் சொல்வது என்று பெரிய பிள்ளையையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால்

மிகச் சில பிள்ளைகளுக்குத்தான் இது தேவைப்படும். 18 வயதுக்குட்பட்டவரைச் சேர்க்கப் பெற்றோரோ காப்பாளரோ விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மருத்துவ வல்லுநர்கள் தனித்தனியாகப் பரிசோதித்துத் தேவை என்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் இருக்கும் வார்டில் போடக் கூடாது. உங்களில் ஒருவரோ நீங்கள் ஏற்பாடு செய்யும் ஒருவரோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும். பெண் பிள்ளையோடு பெண் துணை இருக்க வேண்டும். மின்னதிர்வு சிகிச்சையைப் பிள்ளைகளுக்கு மனநல வாரியத்தின் முன்அனுமதியும் உங்கள் சம்மதமும் இல்லாமல் தர முடியாது. "கையெழுத்து போட்டுட்டுப் போயிடுங்க, அப்புறம் வந்து கூட்டிட்டுப் போங்க" என்று எந்த இல்லமாவது சொன்னால் பிள்ளையை அங்கே விடாதீர்கள்.

தொடர்ந்து போவது

மூன்றாவது சந்திப்போடு நிறுத்திவிடுகிற குடும்பங்கள் அதிகம். கொஞ்சம் தேறியதும் வேலை, பஸ், லீவு எல்லாம் பெரிதாகத் தெரியும். அதனால்தான் வீட்டில் இருவர் இதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். ஒரு முறை அம்மா, ஒரு முறை அப்பா. அப்பா வராத வீடுகளில் சித்தியோ தாத்தாவோ வரட்டும். எல்லாச் சீட்டையும் ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு, செல்போனிலும் படமெடுத்து வையுங்கள்.

மருத்துவரை மாற்றலாமா என்று கேட்பார்கள். பிள்ளை பேசும்போது நிமிர்ந்து பார்க்காதவர், கேள்விக்குப் பதில் சொல்லாதவர், சில மாதமாகியும் ஏன் மாற்றம் இல்லை என்று யோசிக்காதவர் என்றால் மாற்றலாம். ஃபைலோடு போங்கள், மருந்தை இடையில் விடாமல் போங்கள். உங்களுக்கே தூக்கம் கெட்டு அழுகை நிற்கவில்லை என்றால் 14416 உங்களுக்கும்தான். மூத்த பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கும் வீட்டில் இளையது சத்தம் போடாமல் ஓரமாக வளரும். வாரத்தில் ஒரு மாலை அதற்கென்று ஒதுக்குங்கள், மெரினாவுக்கோ பக்கத்துப் பூங்காவுக்கோ.

பிள்ளைக்கு 16 வயதானதும் ஃபைலைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் கையில் கொடுக்கத் தொடங்குங்கள். எந்த மாத்திரை எதற்கு, எந்த அறிகுறி வந்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், அடுத்த சந்திப்பு எப்போது என்று அதுவே சொல்லட்டும். 18 வயதுக்குப் பிறகு சிகிச்சைக்கான சம்மதமும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று நியமிக்கும் உரிமையும் அவர்களுக்கே. வெளியூர்க் கல்லூரி விடுதிக்கு அனுப்புகிறீர்கள் என்றால், சேர்க்கைக்கு முன்பே அந்த ஊரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து முடிவு செய்து, இங்குள்ள மருத்துவரிடம் சுருக்கக் கடிதமும் ஒரு மாத மருந்தும் வாங்கிப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.